பயிற்சி எல்லாம் முடிந்தும் மறுபடி மெயிலுக்கே ஓடுகிறார்கள், இரண்டாம் சுற்றில் என்ன சொல்லிக் கொடுப்பது?

பயிற்சிமேசை:

எல்லோருக்கும் வணக்கம். சில ஆயிரம் பேர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். பழைய சாட் மென்பொருள் ஒன்று, பொது டிரைவ் ஒன்று, மெயில் என்று மூன்று இடங்களில் சிதறிக் கிடந்த வேலையை எல்லாம் மைக்ரோசாஃப்ட் டீம்ஸுக்கு (சாட், மீட்டிங், ஃபைல் பகிர்வு மூன்றும் ஒரே இடத்தில் நடக்கும் மென்பொருள்) கொண்டு வர மேலிடத்தில் முடிவெடுத்துவிட்டார்கள். ஐடி துறை எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் ஏற்றிக் கொடுத்துவிட்டது. பயிற்சி எங்கள் தலையில்.

நாங்கள் செய்தது வழக்கமானதுதான். ஒரு மணி நேர ஆன்லைன் வகுப்பு, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கானவர்கள், வர முடியாதவர்களுக்கு ரெக்கார்டிங், கடைசியில் ஒரு சின்னத் தேர்வு. வருகைப் பதிவு பிரமாதம், தேர்வில் பெரும்பாலும் முழு மதிப்பெண். சேனல் (ஒரு குழு தலைப்புவாரியாகப் பேசவும் ஃபைல் வைக்கவும் உள்ள பொது இடம்) எது, சாட் எது, ஃபைலை எப்படிப் பகிர்வது என்று கேட்டால் தெளிவாகச் சொல்கிறார்கள். ஆனால் வகுப்பு முடிந்து சீட்டுக்குப் போனதும் பழைய கதைதான். 'பட்ஜெட்_இறுதி_புதியது_2' என்று ஒரு எக்செல் அட்டாச்மென்ட் பத்துப் பேருக்குப் போகிறது, அதை ஒருவர் திருத்தி '_3' என்று திருப்பி அனுப்புகிறார், இன்னொருவர் அதற்குள் '_2'-ஐத் திருத்திவிட்டிருக்கிறார். நாங்கள் ஆசை ஆசையாய் உருவாக்கிய சேனல்களில் 'வரவேற்கிறோம்' என்ற முதல் பதிவோடு சரி. டீம்ஸில் நடப்பது மீட்டிங் மட்டும்தான்.

மேலிடம் 'இரண்டாம் சுற்றுப் பயிற்சி வையுங்கள்' என்கிறது. வைக்கலாம், ஆனால் எதைச் சொல்லிக் கொடுப்பது? தெரிந்ததையே திரும்பவா? இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று, ஷிப்டில் வேலை பார்ப்பவர்கள் எங்களிடம் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்குத் தனி கம்ப்யூட்டர் கிடையாது, பலருக்கு ஆபீஸ் மெயிலே கிடையாது. அவர்களைப் பற்றி நாங்கள் இன்னும் யோசிக்கவே தொடங்கவில்லை.

சர்வர்ரூம்:

தேர்வில் முழு மதிப்பெண் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியென்றால் தெரியாமல் செய்யாமலிருக்கவில்லை, தெரிந்தும் செய்யவில்லை. அதே வகுப்பை இன்னொரு முறை நடத்தினால் ரெக்கார்டிங் ஒன்று கூடும், அவ்வளவுதான்.

1988-இல் ஜொனாதன் க்ரூடின் என்ற ஆய்வாளர், பலர் சேர்ந்து வேலை செய்வதற்கான மென்பொருட்கள் ஏன் தோற்றுப்போகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று, எல்லோருக்கும் ஒத்துவரும் மீட்டிங் நேரத்தைத் தானே கண்டுபிடிக்கும் காலண்டர். மீட்டிங்கைக் கூட்டும் மேலாளருக்கு அது வரப்பிரசாதம். ஆனால் அது ஓடவேண்டுமென்றால் கீழே உள்ள ஒவ்வொருவரும் தங்கள் காலண்டரை விடாமல் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அவர்களுக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. உழைப்பு ஒருவருக்கு, பலன் வேறொருவருக்கு. கொஞ்சம் பேர் நிரப்பாமல் விட்டாலே போதும், மொத்தமும் யாருக்கும் பயன்படாமல் போய்விடும்.

உங்கள் பட்ஜெட் எக்செல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்புகிறவரின் பக்கமிருந்து பார்த்தால் அட்டாச்மென்ட் எவ்வளவு சுலபம்! பத்துப் பேர் கொண்ட மெயில் குழு ஏற்கெனவே இருக்கிறது, ஃபைலை இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது, 'நான் அனுப்பிவிட்டேன்' என்பதற்கு ஆதாரமும் கையில் இருக்கிறது. சேனலில் போடவேண்டுமென்றால் எந்த டீம், எந்தச் சேனல் என்று தேட வேண்டும், யாருக்கு அனுமதி இருக்கிறது என்று பார்க்க வேண்டும், போட்ட பிறகும் பார்த்தார்களா என்ற சந்தேகம் தீராது. பலன் எல்லாம் ஒரே இடத்தில் எல்லாவற்றையும் பார்க்க விரும்பும் துறைத் தலைவருக்கு. அந்த ஊழியர் ஏன் மாற வேண்டும்?

அதனால் இரண்டாம் சுற்றில் மென்பொருளைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு குழுவிடமும் போய் 'உங்களுக்கு மாதாமாதம் எரிச்சல் தரும் வேலை எது' என்று கேளுங்கள். நான் பார்த்த குழுக்களில் பெரும்பாலும் ஒரே பதில்தான்: நாலு பேர் தனித்தனியாக அனுப்பும் எக்செல்லை ஒட்டி ஒன்றாக்கும் வேலை. அதை யாரோ ஒரு ஜூனியர் மாதக் கடைசியில் ராத்திரி வரை உட்கார்ந்து செய்துகொண்டிருப்பார். அந்த ஒரு ஃபைலை மட்டும் சேனலில் வைத்து, நாலு பேரும் ஒரே நேரத்தில் அதிலேயே நிரப்பும்படி செய்து பாருங்கள். அந்த ஜூனியர் அன்றைக்கு நேரத்தோடு கிளம்பிவிடுவார். அடுத்த மாதம் யாராவது மெயிலில் அனுப்பினால் அவரே விரட்டுவார். மற்றவர்களைப் பழக்க 'சாம்பியன்' என்று பட்டம் கொடுத்து நீங்கள் நியமிக்கும் ஆட்களைவிட இவர்தான் உபயோகம்.

நடுமேசை:

மேனேஜர் மெயிலில் கேட்டால் பதில் மெயிலில்தான் வரும். இதற்கு ஆய்வெல்லாம் எதற்கு?

உங்கள் முதல் சுற்றுக்குத் துறைத் தலைவர்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்று பாருங்கள். அனேகமாகத் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் வந்து 'இது நமக்கு மிக முக்கியமான மாற்றம்' என்று பேசிவிட்டுப் போயிருப்பார்கள். அப்புறம் அன்று மாலையே அதே ஆள் அட்டாச்மென்ட்டோடு ஒரு மெயில் போட்டிருப்பார். கீழே இருப்பவர்கள் பார்ப்பது அந்த மெயிலைத்தான்.

காகிதக்கப்பல்:

சர்வர்ரூம் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லோட்டஸ் நோட்ஸ் ஞாபகம் இருக்கிறதா? 1989-இல் வந்தது, இன்று நாம் பேசும் எல்லாவற்றுக்கும் முன்னோடி. ஒரு பெரிய ஆலோசனை நிறுவனம் அதை மொத்தமாக வாங்கி ஊழியர்களுக்குக் கொடுத்தபோது என்ன நடந்தது என்பதை வாண்டா ஆர்லிகோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் உள்ளே போய்ப் பார்த்து 1992-இல் எழுதினார். முப்பது வருடம் தாண்டியும் அதில் உள்ளதை நான் வேலை பார்த்த இடங்களிலேயே பார்த்திருக்கிறேன்.

அங்கே இரண்டு சிக்கல். முதலாவது, புதுசாக ஒன்று வந்தால் அதைத் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றாகவே மக்கள் புரிந்துகொண்டார்கள். மெயில் தெரிந்தவருக்கு அது இன்னொரு மெயில், அவ்வளவுதான். கொடுத்த பயிற்சியோ எந்தப் பட்டனை அழுத்துவது என்பதோடு நின்றுவிட்டது, எதற்காக இது என்பதை யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை.

இரண்டாவதுதான் சுவாரசியம். அங்கே ஆலோசகர்களின் ஒவ்வொரு மணி நேரமும் ஏதாவது ஒரு வாடிக்கையாளரின் கணக்கில் எழுதப்பட வேண்டும். புது மென்பொருளைக் கற்றுக்கொள்ளும் நேரத்தை யார் கணக்கில் எழுதுவது? அதனால் கற்கவில்லை. போதாததற்கு, பதவி உயர்வு பெறாவிட்டால் வெளியே போகவேண்டும் என்ற போட்டி. தனக்குத் தெரிந்ததைப் பொது இடத்தில் எழுதி வைத்தால் பக்கத்து சீட்டுக்காரன் முன்னேறிவிடுவான் என்கிற நிலைமையில் எவன் எழுதுவான்? அந்தப் போட்டிக்குள் வராத தொழில்நுட்பப் பிரிவினர் அதே மென்பொருளை ஆர்வமாகப் பயன்படுத்தினார்கள் என்பதையும் அவர் குறித்திருக்கிறார்.

ஆகவே பயிற்சிமேசை, உங்கள் ஊழியர்களின் நேரக் கணக்கில் இந்தப் பயிற்சிக்கு என்று ஒரு வரி இருக்கிறதா? வருடாந்திர மதிப்பீட்டில் ஆவணங்களைப் பொதுவில் வைப்பவருக்கு ஏதாவது கிடைக்கிறதா, இல்லை தனியாகக் கையில் வைத்திருப்பவர்தான் 'அவர் இல்லாமல் எதுவும் நடக்காது' என்று பேர் வாங்குகிறாரா? இதற்குப் பயிற்சிப் பிரிவால் பதில் சொல்ல முடியாதுதான், ஆனால் மேலிடத்திடம் கேட்கலாம் அல்லவா.

பயிற்சிமேசை:

நேரக் கணக்கில் வரி இல்லை. இந்தக் கேள்வியே எங்களுக்குத் தோன்றவில்லை, திங்கட்கிழமை மனிதவளத் துறையிடம் கேட்கிறேன்.

சர்வர்ரூம், குழுவோடு உட்காருவது என்றால் நடைமுறையில் எப்படி? எங்களிடம் பயிற்சியாளர்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். அப்புறம் பொது டிரைவ். அதை மூட முடியாது, பழைய ஆவணங்களைக் குறிப்பிட்ட காலம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டப் பிரிவு சொல்கிறது. அது திறந்திருக்கும் வரை எல்லோரும் அங்கேயேதான் போய்ச் சேமிக்கிறார்கள்.

சர்வர்ரூம்:

டிரைவை அழிக்கவே வேண்டாம், எழுதும் அனுமதியை மட்டும் எடுத்துவிடுங்கள். படிக்கலாம், நகல் எடுக்கலாம், புதிதாகச் சேமிக்க முடியாது. சட்டப் பிரிவுக்கும் நிம்மதி. ஒரே நாளில் நிறுவனம் முழுக்கச் செய்யாமல் குழு குழுவாகச் செய்யுங்கள், ஒரு குழு உட்கார்ந்து தன் வேலையை மாற்றிக்கொண்ட மறுநாள் அந்தக் குழுவின் ஃபோல்டரைப் பூட்டுங்கள். மாதக் கடைசியிலோ தணிக்கை நடக்கும்போதோ மட்டும் பூட்டிவிடாதீர்கள், அடி விழும்.

பழைய சாட்டும் அப்படித்தான். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடினால் யார் எங்கே பதில் சொல்கிறார்கள் என்றே தெரியாது. மைக்ரோசாஃப்ட்டின் பழைய ஆபீஸ் சாட் மென்பொருளான ஸ்கைப் ஃபார் பிஸினஸிலிருந்து டீம்ஸுக்கு மாறிய காலத்தில் இரண்டையும் சேர்த்து ஓடவிடும் ஒரு அமைப்பு இருந்தது, அதற்குப் பேரே 'ஐலண்ட்ஸ்', அதாவது தீவுகள். ஒருவர் டீம்ஸில் அனுப்புவார், அடுத்தவர் ஸ்கைப்பை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு 'ஒன்றும் வரவில்லையே' என்பார். கடைசியில் 2021 ஜூலை 31-இல் மைக்ரோசாஃப்ட்டே ஸ்கைப் ஃபார் பிஸினஸ் ஆன்லைனை நிறுத்தியதும்தான் பல இடங்களில் பிரச்சினை தீர்ந்தது. தேதி ஒன்று வேண்டும், அதைத் தள்ளிப்போடவும் கூடாது. ஒருமுறை தள்ளிப்போட்டால் அடுத்த தேதியை யாரும் நம்ப மாட்டார்கள்.

குழு அமர்வு எப்படி என்றால், ஸ்லைடு கிடையாது. கொள்முதல் குழுவை எடுத்துக்கொள்வோம். அவர்களுக்கு வாராவாரம் சப்ளையர் நிலவர அறிக்கை ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அந்த வாரத்து அறிக்கையை, நிஜமானதை, அவர்கள் மேனேஜரும் உட்கார்ந்திருக்க, சேனலில் திறக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு வரி நிரப்பட்டும். ஒருவர் அடுத்தவருடைய வரியை அழித்துவிடுவார், அது கண்டிப்பாக நடக்கும், அப்போது பழைய பதிப்புகள் எங்கே இருக்கின்றன, எப்படி மீட்பது என்று காட்டுங்கள். 'எல்லோரும் ஒரே ஃபைலில் கை வைத்தால் கெட்டுப்போகுமே' என்கிற பயம்தான் பாதிப் பேருக்கு, அது வாயால் சொன்னால் போகாது, அழிந்தது திரும்பி வருவதைக் கண்ணால் பார்த்தால்தான் போகும். பிறகு மேனேஜர் தன் சந்தேகத்தை அந்த ஃபைலிலேயே கமென்ட்டாக எழுதட்டும், குழுவில் ஒருவர் அங்கேயே பதில் போடட்டும். அறிக்கை முடிந்ததும் அமர்வும் முடிந்தது. இது தனிப் பயிற்சி நேரம்கூட இல்லை பாருங்கள், எப்படியும் செய்யவேண்டிய வேலையைத்தான் செய்திருக்கிறார்கள்.

பயிற்சியாளர்கள் போதாது என்பது உண்மைதான். எல்லாக் குழுக்களுக்கும் போக வேண்டாம், மற்ற துறைகளோடு அதிகமாகக் கொடுக்கல் வாங்கல் உள்ள குழுக்களிலிருந்து தொடங்குங்கள். நிதி, கொள்முதல், மனிதவளம் மாதிரி. அவர்கள் 'இனி லிங்க்தான், அட்டாச்மென்ட் ஏற்கமாட்டோம்' என்று சொன்னால் மற்றவர்கள் தானாகவே கற்றுக்கொள்வார்கள், பில் பாஸாக வேண்டுமே.

வகுப்பில் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள், ஏனென்றால் பின்னால் இதுதான் பெரிய தலைவலி. சேனலில் போடும் ஃபைல் அந்த டீமின் பொதுச் சேமிப்பிடமான ஷேர்பாயின்ட்டில் உட்காரும், அது குழுவின் சொத்து. தனிச் சாட்டில் போடும் ஃபைல் அனுப்பியவருடைய சொந்த ஆன்லைன் சேமிப்பிடமான ஒன்டிரைவில் உட்காரும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். அந்த ஆள் வேலையை விட்டுப் போய், அவருடைய கணக்கையும் நீக்கிவிட்டால், ஐடி துறை வேறு ஏதும் மாற்றி வைக்காத பட்சத்தில் அவருடைய ஒன்டிரைவ் 30 நாள்தான் இருக்கும், பிறகு காலி. மாதக்கணக்காகக் குழுவே நம்பியிருந்த ஒரு ஃபைல் இப்படிக் காணாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். சேனலுக்கும் சாட்டுக்கும் விளக்கம் கொடுப்பதைவிட 'இந்த ஃபைல் நீங்கள் போன பிறகும் வேண்டுமா? அப்போ சேனல்' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

நுனிப்புல்:

கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறேன். பூட்டு, தேதி, கட்டாயம் என்று எல்லோரும் ஒரே பக்கம் போகிறீர்கள். சர்வர்ரூம் சொன்ன அதே க்ரூடின், லேசியா பேலன் என்பவரோடு சேர்ந்து 1995-இல் இன்னொரு கட்டுரை எழுதினார் தெரியுமா? மைக்ரோசாஃப்ட்டிலும் சன் மைக்ரோசிஸ்டம்ஸிலும் பொதுக் காலண்டரை எல்லோரும் சாதாரணமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள், 1988-இல் தோற்கும் என்று உதாரணம் காட்டிய அதே சங்கதி. எப்படி என்று விசாரித்தால், மேலிருந்து வந்த உத்தரவால் இல்லை. மென்பொருள் முன்னைவிட நன்றாக இருந்தது, மற்ற வேலைகளோடு இணைந்திருந்தது, கூடவே சக ஊழியர்களின் நெருக்குதல். எல்லோரும் காலண்டரில் மீட்டிங் வைக்கும்போது நீங்கள் மட்டும் நிரப்பாமல் இருந்தால் உங்கள் நேரத்தில்தான் எல்லோரும் மீட்டிங் போடுவார்கள், இம்சை தாங்காமல் நீங்களும் நிரப்பத் தொடங்கிவிடுவீர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஊழியர்கள் மெயிலுக்குத் திரும்புவதற்குச் சில நேரம் நல்ல காரணம் உண்டு. முதல் வாரத்திலேயே ஒருவரை முப்பது சேனலில் சேர்த்துவிடுகிறீர்கள், எல்லாவற்றிலிருந்தும் நோட்டிஃபிகேஷன் டிங் டிங் என்று வந்துகொண்டே இருந்தால் மொத்தத்தையும் ஊமையாக்கி வைத்துவிட்டு மெயிலுக்குப் போகத்தான் செய்வார். எதை அணைத்து வைப்பது, எதை மட்டும் விட்டுவைப்பது என்று சொல்லிக் கொடுத்தீர்களா? எத்தனை மணி நேரத்துக்குள் பதில் எதிர்பார்க்கலாம் என்று குழுவுக்குள் பேசி வைத்திருக்கிறார்களா? மெயிலில் நாளைக்குப் பதில் சொன்னால் போதும், சாட்டில் உடனே சொல்லாவிட்டால் முகம் சுளிக்கிறார்கள். அந்த அவசரத்துக்குப் பயந்தே ஒதுங்கும் ஆட்கள் உண்டு, அதிலும் தலையைக் குனிந்து யோசித்து வேலை செய்கிறவர்கள். வெளி நிறுவனங்களோடு பேச மெயில்தான் வசதி, முறையான ஒப்புதலுக்கும் அப்படியே. அதையெல்லாம் இழுத்துக்கொண்டு வர வேண்டாம்.

கடைசியாக, எதை அளக்கிறீர்கள்? 'இத்தனை பேர் டீம்ஸைப் பயன்படுத்துகிறார்கள்' என்று நிர்வாகத்துக்கு வரைபடம் காட்டுவார்கள், அதில் மீட்டிங்குக்கு உள்ளே வந்தவர்கள்தான் முக்கால்வாசி. நீங்களே சொன்னீர்கள் மீட்டிங் மட்டும் நடக்கிறது என்று. நிறுவனத்துக்குள்ளேயே ஒருவருக்கொருவர் அனுப்பும் அட்டாச்மென்ட் குறைகிறதா என்று ஐடி துறையிடம் கேளுங்கள். ஒவ்வொரு மெயிலையும் திறக்காமலேயே மொத்தக் கணக்கு எடுக்க முடியும். அந்த எண் இறங்கினால்தான் ஏதோ நகர்கிறது.

சர்வர்ரூம்:

@நுனிப்புல் சக ஊழியர் நெருக்குதல் சரிதான், நான் சொன்ன அந்த ஜூனியர் விரட்டுவதும் அதுவேதான். ஆனால் அது வேலை செய்ய முதலில் ஒரு கூட்டம் உள்ளே இருக்க வேண்டுமே. பழைய வழி அகலமாகத் திறந்து கிடக்கும்போது அந்தக் கூட்டம் சேர்வதில்லை. நோட்டிஃபிகேஷன் விஷயத்தில் முழுசாக ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டாம்ஷிப்ட்:

ஷிப்ட் ஆட்களைப் பற்றி யாரும் பேசவில்லை, வழக்கம் போல. நான் அந்தப் பக்கத்து ஆள்.

எங்களிடம் ஏற்கெனவே ஒரு மென்பொருள் இருக்கிறது, வாட்ஸப். சூப்பர்வைசர் குரூப் வைத்திருக்கிறார், யார் வரவில்லை, எந்த மெஷின் நின்றது, எல்லாம் அதில்தான். ஆபீஸ்காரர்கள் வந்து 'அது கூடாது, பாதுகாப்பு இல்லை' என்றால் தலையாட்டிவிட்டு அதையேதான் நடத்துவோம், ஏனென்றால் அதில் உடனே ஆள் கிடைக்கிறார்.

எங்களைக் கொண்டு வர வேண்டுமென்றால் முதல் சிக்கல் லாகின். பாஸ்வேர்ட் மறந்தால் மாற்றுவதற்கான லிங்க் மெயிலுக்குப் போகும் என்கிறார்கள், மெயிலே இல்லாதவர் என்ன செய்வார்? ராத்திரி ஷிப்டில் ஹெல்ப்டெஸ்க்கில் யாரும் இல்லை. இதைத் தீர்க்காமல் வகுப்பு எடுத்து ஒரு புண்ணியமும் இல்லை. இரண்டாவது, சொந்த போனில் ஏற்றச் சொல்கிறீர்கள். டேட்டா செலவு யாருடையது, போனில் உள்ள எங்கள் சொந்த விஷயங்களைக் கம்பெனி பார்க்குமா, ஷிப்ட் முடிந்த பிறகு மெசேஜ் வந்தால் பதில் சொல்ல வேண்டுமா? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் கொடுத்தால் பாதிப் பேர் அன்றைக்கே ஏற்றிக்கொள்வார்கள்.

பயிற்சி என்று பார்த்தால் ஒரு மணி நேரமெல்லாம் கிடைக்காது. ஷிப்ட் மாறும்போது எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கும் பத்து நிமிடம் இருக்கிறதே, அதில் ஒரே ஒரு விஷயம் காட்டுங்கள். எங்களுக்கு முதலில் பயன்பட்டது ஷிப்ட் மாற்றிக்கொள்வதுதான். முன்பு பேப்பரில் எழுதி சூப்பர்வைசரைத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும், இப்போது போனிலேயே கேட்டுவிடலாம், அவர் அனுமதித்ததும் தெரிந்துவிடும். அதற்காகவே எல்லோரும் உள்ளே வந்தார்கள். பாதுகாப்பு அறிவிப்பு, நிர்வாக இயக்குநர் வாழ்த்துச் செய்தி எல்லாம் அதற்கு அப்புறம்தான் யார் கண்ணிலும் பட்டது.

சொல்லிக் கொடுக்க எங்களில் ஒருவரையே போடுங்கள், எங்கள் பேச்சில். ஆபீஸிலிருந்து வருபவர் 'கொலாபரேஷன்' என்று தொடங்கினாலே பின்வரிசை போனை எடுத்துவிடும்.

பயிற்சிமேசை:

பாஸ்வேர்ட் விஷயம் தூக்கிவாரிப் போட்டது, எங்கள் திட்டத்தில் எங்குமே இல்லை. ரொம்ப நன்றி.

நிதிக் குழுவிலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன், மாதக் கணக்கு முடிந்த மறு வாரம். நடுமேசை சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. துறைத் தலைவர்களை எப்படி உட்காரவைப்பது? பயிற்சிக்கு அழைத்தால் 'எனக்குத் தெரியும்' என்பார்கள், இல்லையென்றால் வேறு யாரையாவது அனுப்பிவிடுவார்கள்.

நடுமேசை:

அவர்களை உட்காரவைக்கப் பார்க்காதீர்கள், அவர்களுடைய உதவியாளர்களை உட்காரவையுங்கள். துறைத் தலைவர் பெயரில் வரும் மெயிலில் பாதியை எழுதுவது யார், மீட்டிங்குக்கு முன்னால் ஃபைல்களைச் சேகரிப்பது யார்? உதவியாளர் 'சார், எல்லாம் இந்த சேனலில் இருக்கிறது' என்று லிங்க் அனுப்பத் தொடங்கினால் தலைவர் அதைத்தான் அழுத்துவார், அவருக்கு வேறு வழி தெரியாது. பெரும்பாலான நிறுவனங்களில் இவர்களுக்குத் தனி வகுப்பே வைப்பதில்லை, கூட்டத்தோடு கூட்டமாகச் சேர்த்துவிடுகிறார்கள். நாலைந்து பேரைக் கூப்பிட்டு அவர்களுக்கு எது சள்ளையாக இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மீட்டிங் ஃபைல்களை ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பத் திரும்ப அனுப்புவதுதான் முதலில் வரும்.

தலைவருக்கு நேரடியாகக் கற்றுக்கொடுத்தே ஆகவேண்டியது ஒன்றே ஒன்றுதான், போனில் லிங்க்கைத் திறந்து கமென்ட் போடுவது. அதையும் தனியாக, கதவை மூடிக்கொண்டு காட்டுங்கள். பத்துப் பேர் முன்னால் தனக்குத் தெரியவில்லை என்று அவர் ஒருநாளும் காட்டிக்கொள்ள மாட்டார்.